வேட்டைக்கு எத்தனை கேலிபர் வேண்டும்?

வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் பழம்பாட்டு சொல்லும். துப்பாக்கி வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்பதும் ஏறக்குறைய அந்த அம்பைத்தான். "எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. அதற்காக அலமாரி நிறைய துப்பாக்கி வாங்கி அடுக்கவும் வேண்டாம். தோட்டா தயாரிப்பாளர்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அதில் இரண்டோ மூன்றோ போதும், முயலிலிருந்து மூஸ் மான்வரை சமாளித்துவிடலாம். எந்த மூன்று, ஏன் அவை என்பதைப் பார்ப்போம்.

உரிமம், வேட்டைப் பருவம், எந்த விலங்குக்கு அனுமதி என்பவை நாட்டுக்கு நாடு மாறும். வேட்டையே தடைசெய்யப்பட்ட நாடுகளும் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற பேச்சு.

எண்ணும் பெயரும்

பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். இங்கே பிரித்துக்கொள்வோம். தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும்.

கேலிபர் என்பது குழலின் உள்விட்டம். .30 கேலிபர் என்றால் ஓர் அங்குலத்தை நூறாக்கி அதில் முப்பது பங்கு, அதாவது 7.62 மில்லிமீட்டர். இதுவரை எளிது. தோட்டாவுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியபோதுதான் ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்கு வைத்தார்கள்.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்பதில் 30 கேலிபர், 06 அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906ஆம் ஆண்டு. சரி, .30-30 வின்செஸ்டரில் இரண்டாவது 30 ஆண்டா? இல்லை. 1895இல் வெளிவந்த அந்தத் தோட்டாவில் அடைத்த மருந்தின் எடை, 30 கிரெய்ன் (கிரெய்ன் ஒரு சிறு எடை அலகு). 6.5×55 என்றால் முதல் எண் கேலிபர், இரண்டாவது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். .270 வின்செஸ்டரின் குண்டை அளந்தால் .277 அங்குலம் வரும். .308 வின்செஸ்டர், .30-06, .30-30, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய நான்கின் குண்டுகளும் ஒரே விட்டம், .308 அங்குலம். விட்டம் ஒன்றாக இருந்தும் நான்கு தோட்டாக்களின் கூடும் வேறு, மருந்தும் வேறு. ஒன்றின் துப்பாக்கியில் இன்னொன்றைப் போடக் கூடாது.

ரவைகளைக் கொத்தாக வீசும் துப்பாக்கியான ஷாட்கன்னின் கணக்கு இன்னும் பழையது. நம்மவர்கள் 'பன்னெண்டு போர்' என்று சொல்வார்கள். கேட்கிறவர்களுக்குப் பன்னிரண்டு யுத்தம்போல ஒலிக்கும், ஆனால் இந்தப் போர் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் போகுமோ அது 12 போர், உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. இருபது உருண்டையாக்கினால் 20 போர், 15.6 மி.மீ. ஆக, எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது நேரடியான அங்குல அளவு.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. 20 போர் தோட்டாவைத் தெரியாமல் 12 போர் குழலில் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்ப் பாதியில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காலியாக இருப்பதுபோலத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 போர் தோட்டாவின் உறை பெரும்பாலும் மஞ்சளாக இருப்பது இதனால்தான். குழலின்மேல் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 'கிட்டத்தட்ட அதேதான்' என்பதற்கு இங்கே இடமில்லை.

விலங்குக்கு ஏற்ற வலு

குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 150 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 9.7 கிராம். எடையும் வேகமும் சேர்ந்தது ஆற்றல். எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

குழல் வாயில் இருக்கும் ஆற்றலை ஜூலில் பார்த்தால் எல்லாம் ஓர் ஏணிபோல வரிசையில் நிற்கும். .22 லாங் ரைஃபிள் சுமார் 190. .223 ரெமிங்டன் 1,700ஐத் தாண்டும். .243 வின்செஸ்டர் 2,600. .308 வின்செஸ்டர் 3,600. .30-06 கனமான குண்டோடு 3,900க்கு மேல். யானை, காட்டெருமை வேட்டைக்கும் பயன்படும் .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் 5,800க்கு அருகில். குண்டும் குழல் நீளமும் மாறினால் இந்த எண்களும் கொஞ்சம் ஏறி இறங்கும். கவனித்தால் .22க்கும் .223க்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது, நடுப்படிகளோ நெருங்கி நெருங்கிக் கிடக்கின்றன. கேலிபர் பற்றிய முக்கால்வாசி வாக்குவாதம் அந்த நெருங்கிய படிகளுக்குள்தான் நடக்கிறது.

எந்த விலங்குக்கு எவ்வளவு என்பதைப் பல நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் ரோ மான் என்கிற சிறு மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல் வேண்டும். காட்டுப்பன்றி, சிவப்பு மான் போன்ற பெரியவற்றுக்கு 100 மீட்டரில் 2,000 ஜூலோடு, கேலிபரும் 6.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இங்கிலாந்தில் பெரிய மான்களுக்கு .240 அங்குலம் கீழ் எல்லை. இதில் மாட்டிக்கொள்வது .243. இங்கிலாந்தில் அது மயிரிழையில் உள்ளே, ஜெர்மனியில் ஆற்றல் போதுமானதாக இருந்தும் விட்டம் 6.2 மி.மீ. என்பதால் காட்டுப்பன்றிக்கு ஆகாது. பல்துறை கேலிபர் என்று யாராவது ஒன்றைப் புகழ்ந்தால், எந்த ஊர்ச் சட்டப்படி என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஆற்றல் எண் பெரிதாக இருந்தால் விலங்கு விழுந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் 'கரமோஜோ' பெல் என்று பெயர்பெற்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் 7×57 மௌசர் தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். ராணுவத்துக்காக உருவாகி, மான் வேட்டைக்கும் பயன்பட்ட தோட்டா அது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்து வைத்திருந்தவர் அவர். இதை அப்படியே பின்பற்ற யாரும் நினைக்க வேண்டாம். பெல்லுக்கு இருந்த கை எல்லோருக்கும் வாய்க்காது, இன்றைய சட்டமும் விடாது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஆபத்தான பெருவிலங்குக்கு .375 அல்லது 9.3 மி.மீ.தான் கீழ் எல்லை. ஆனால் குண்டு எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே போய்ச் சேர்கிறது என்பது முக்கியம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

குண்டின் உடம்பு

புதியவர்கள் கேலிபருக்கு ஒரு மாதம் யோசித்துவிட்டு, கடையில் கைக்குக் கிடைத்த டப்பாவை எடுத்து வருவார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. .308க்கும் .30-06க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே .308இல் இரண்டு விதக் குண்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரிது.

முழுக்கச் செம்பு உறை போர்த்த குண்டு, ராணுவத்தில் பயன்படுவது, ஊசிபோல ஊடுருவி மறுபக்கம் போய்விடும். மானின் உடம்பில் ஒடுங்கிய துளையோடு போவதால் விலங்கு ஓடிப்போய் எங்கோ நெடுநேரம் துடித்துச் சாகும். பல நாடுகளில் மான் வேட்டைக்கு இதற்குத் தடை. வேட்டைக் குண்டின் நுனி மென்மையாக இருக்கும். உடம்புக்குள் புகுந்ததும் காளான்போல விரியும், ஆற்றலை உள்ளேயே இறக்கிவிடும். ஆனால் விரிவதிலும் அளவு வேண்டும். நரி, நரிபோன்ற அமெரிக்க விலங்கான கொயோட்டி போன்றவற்றுக்கான மெல்லிய உறைக் குண்டு பெரிய மானின் தோள் எலும்பில் பட்டால் மேலோட்டமாகவே சிதறிவிடும். கனமான விலங்குக்கு ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டோ, முழுதும் செம்பால் ஆன குண்டோ வேண்டும். செம்புக் குண்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இறைச்சியிலும், பிணந்தின்னிப் பறவைகளின் வயிற்றிலும் ஈயத் துகள் சேர்வதால் ஈயக் குண்டைத் தடுக்கும் இடங்கள் கூடிவருகின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் முற்றாகக் கூடாது.

ஓரியின் அம்பு ஒன்றைத் துளைத்து அடுத்ததில் பாய்ந்தால் பாட்டு. துப்பாக்கிக் குண்டு அப்படிப் பாய்ந்தால் விபத்து. விலங்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, வெறும் வானம் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கேலிபரிலும் விசையில் விரல் வைக்கக் கூடாது.

ஒரு கேலிபர் பல வேலைக்கு ஆகும் என்பதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. .30-06க்கு 110 கிரெய்னிலிருந்து 220 கிரெய்ன்வரை கடைகளில் குண்டு கிடைக்கிறது. 150 கிரெய்ன் மானுக்கு, 180 எல்க் என்கிற பெரிய மானுக்கும் மூஸுக்கும். துப்பாக்கியை மாற்றாமல் டப்பாவை மாற்றினால் போதும். ஒவ்வொரு குண்டும் வேறு இடத்தில் படும் என்பதால் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மறுபடி சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மூன்று

முதலாவது .22 லாங் ரைஃபிள். 1887இல் வந்தது, இன்றும் உலகெங்கும் கிடைக்கிறது. சத்தம் குறைவு, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம், மற்ற எதையும்விட மலிவு. முயல், அணில் அளவு விலங்குக்கு 50 மீட்டருக்கு உள்ளே போதுமானது. 50 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி 100 மீட்டரில் 15 செ.மீ.க்கு மேல் தாழச் சுடும், அதனால் தூரத்தை நீட்ட ஆசைப்பட வேண்டாம். மானுக்கு இது ஆகவே ஆகாது, பெரும்பாலான இடங்களில் குற்றமும்கூட. என் கணக்கில் இதன் பெரிய பயன் வேட்டையிலும் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. பெரிய ரைஃபிளில் இருபது தோட்டா சுடுகிற காசுக்கு இதில் நூற்றுக்கணக்கில் சுடலாம், கை பழகும். சிறிசு என்று இளக்காரமாக நினைக்கவும் கூடாது. இதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போகும், கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும்.

இரண்டாவது, நடுப்படியில் ஏதாவது ஒன்று. ஏதாவது ஒன்று என்றுதான் சொல்கிறேன். .308, .30-06, .270, 7மி.மீ.-08, 6.5×55, 6.5 கிரீட்மூர் இவற்றில் எதை எடுத்தாலும் மான் வகையில் தவறாகாது. இவற்றில் பாதி ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1952இல் வந்த .308இன் கூட்டுக் கழுத்தைச் சுருக்கி 1955இல் .243 செய்தார்கள், 1980இல் 7மி.மீ.-08 செய்தார்கள். 1925இல் வந்த .270உம் .30-06இன் குடும்பம்தான். உடன்பிறந்தவர்களுக்குள் யார் உயரம் என்று அளக்கிற கதை இது.

எவ்வளவு நெருக்கம் என்று ஒரு கணக்கு. .308, .270 இரண்டையும் 200 கஜத்தில் குறி சரியாக விழும்படி வைத்துக்கொண்டு 300 கஜத்தில், அதாவது சுமார் 275 மீட்டரில், சுட்டால் .308இன் 150 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 22 செ.மீ. தாழும். .270இன் 130 கிரெய்ன் குண்டு 17 செ.மீ. தாழும். ஐந்து சென்டிமீட்டர், அதுவும் காட்டில் பெரும்பாலோர் சுடவே கூடாத தூரத்தில். 100 மீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்கு நான் விருந்தே வைப்பேன்.

எப்படித்தான் தேர்வது? தோளைக் கேட்கலாம். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .243இன் உதைப்பு .30-06இன் உதைப்பில் பாதியளவுதான் இருக்கும், .375உடையது .30-06ஐப் போல் இரு மடங்கு. உதைப்புக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார், தோளைப் பின்னிழுப்பார், குண்டு எங்கேயோ போகும். இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் இயல்பு. ஒருமுறை பழகிவிட்டால் விடுவது கடினம். முதல் ரைஃபிளாக .300 மேக்னம் வாங்குவதை நான் தடுக்கப் பார்ப்பது இதனால்தான். மெலிந்த உடம்புக்காரருக்கும் இளையவருக்கும் 7மி.மீ.-08, 6.5×55 போன்றவை நல்ல இடம். 6.5×55 மென்மையான உதைப்போடு ஸ்காண்டிநேவியாவில் நூறாண்டுக்கும் மேலாக மூஸ் வேட்டையில் இருக்கிறது. விட்டத்தின் அளவுக்கு நீண்டு கனத்த குண்டு என்பதால் ஆழமாகப் போகும். மான் மட்டும்தான், அதுவும் சின்ன மான்தான் என்றால் .243 போதும். சட்டம் இடம் கொடுக்க வேண்டும், தோள் எலும்பில் சுடாத நிதானமும் வேண்டும். எல்க், மூஸ், பெரும்பன்றி எல்லாம் திட்டத்தில் இருந்தால் .308 அல்லது .30-06.

அடர்ந்த காட்டில் 100 மீட்டருக்கு உள்ளேயே சுடுகிறவருக்குப் பழைய .30-30 இன்றும் குறையில்லாத தோழன். ஒரே ஒரு விஷயம்: அதன் லீவர் துப்பாக்கிகளில் (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) பெரும்பாலும் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஒன்றின் நுனி முன்னதன் பிரைமர்மேல் உட்காரும். கூர்நுனிக் குண்டைப் போட்டால் உதைப்பில் அது ஊசிபோலக் குத்தி வெடிக்க வைத்துவிடலாம். அதனால்தான் தட்டை நுனி. ரப்பர்போன்ற மென்நுனி வைத்த கூர்குண்டுகள் பிறகு வந்தன.

மூன்றாவது ஷாட்கன், 12 அல்லது 20 போர். பறக்கிற பறவைக்கு ரைஃபிள் உதவாது, ஒற்றைக் குண்டு எங்கே விழும் என்று தெரியாது. ஷாட்கன் ரவைகளைக் கொத்தாக வீசும். ரவை எண்ணும் போர் கணக்குப்போலத் தலைகீழ்: 8ஆம் எண் காடைக்கான பொடி ரவை, 4ஆம் எண் அதைவிடப் பெரிது. அதே துப்பாக்கியில் ஸ்லக் எனும் ஒற்றைப் பெருங்குண்டைப் போட்டால் மானும் பன்றியும் 75 மீட்டர்வரை அடக்கம். அப்படிப் பார்த்தால் ஓரியின் அம்புக்கு மிக நெருங்கி வருவது 12 போர்தான். ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் வழி என்று சொல்கிறவருக்கு நான் கைகாட்டுவது இதையே. 20 போர் தூக்க லேசு, உதைப்பும் பொதுவாகக் குறைவு, ரவை கொஞ்சம் குறையும்.

நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்காவில் 1991 முதல் தடை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல். பதிலுக்கு வரும் எஃகு ரவை எடை குறைந்தது, தூரம் போகப் போக வேகம் சட்டென்று இழக்கும். அதனால் ஈயத்தில் பயன்படுத்தியதைவிட இரண்டு எண் பெரிய ரவை எடுப்பார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியில் எஃகு ரவையைப் போடும் முன் குழல் அதைத் தாங்குமா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட வேண்டும்.

நான்காவது என்று ஒன்று வேண்டுமென்றால் அது ஆசைக்காக இல்லாமல் வேலைக்காக இருக்கட்டும். திறந்த வெளியில் நரி, கொயோட்டி என்றால் .223. ஆப்பிரிக்கக் காட்டெருமை என்றால் 1912இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச், அல்லது 1905இல் பெர்லினில் ஓட்டோ போக் உருவாக்கிய 9.3×62. இரண்டும் நூற்றாண்டைத் தாண்டியும் தளரவில்லை.

கிடைக்குமா?

எவ்வளவு நல்ல கேலிபரானாலும் தோட்டா கிடைக்காவிட்டால் அது விலையுயர்ந்த தடிதான். ராணுவப் பரம்பரை உள்ள .308, .223, .30-06 போன்றவை சின்னக் கடையிலும் இருக்கும், குண்டு வகையும் அதிகம். புதுசாக வந்து பத்திரிகை அட்டைகளில் மின்னுகிற கேலிபர் பத்து ஆண்டில் காணாமலும் போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020இல் அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது முதலில் தீர்ந்தது எல்லோரும் வைத்திருக்கும் கேலிபர்கள்தான். சில நாடுகளில் ராணுவக் கேலிபர்களைப் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது, அங்கே .308க்குப் பதில் 7மி.மீ.-08 போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பக்கத்துக் கடைகளில் அந்தத் தோட்டா எத்தனை வகை, என்ன விலை என்று ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.

வாங்கிய பிறகு, 20 செ.மீ. அகலக் காகிதத் தட்டு ஒன்றைச் சுடுதளத்தில் நட்டுக்கொள்ளுங்கள். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய அந்த அளவு. மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடாமல், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, மண்டியிட்டோ நின்றோ, 50 மீட்டரில் ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் 75, பிறகு 100 என்று தள்ளிப் போங்கள். முதல் குண்டு தட்டை விட்டு விலகும் இடத்தில் நின்று, அதற்கு முந்தைய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டா டப்பாவில் 300 மீட்டர், 400 மீட்டர் என்று என்ன அச்சடித்திருந்தாலும், உங்கள் வேட்டைத் தூரம் அதுதான்.